நோயுற்ற குழந்தையும் நோகும் குடும்பமும்



பினாங்குப் பாலத்தின் வழியாகப் பெருநிலத்திலிருந்து தீவுக்குப் போகிறவர்கள், கரையை நெருங்கும்போது இடக்கைப் பக்கம் பார்த்தால் காடு அடர்ந்த ஒரு சிறு தீவு தெரியும். அதற்கு ஜெர்ஜாக் தீவு என்று பெயர். பாலம் திறக்கப்பட்டது 1985-ஆம் ஆண்டில். அதற்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே அந்தத் தீவு நம்மவர்களுக்குப் பழக்கமாகிவிட்டது. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி வந்த நம் பாட்டன் பாட்டிமாரில் பலர், ஜார்ஜ் டவுன் துறையைப் பார்ப்பதற்கு முன்னால் ஜெர்ஜாக்கில் இறக்கப்பட்டார்கள். அம்மையோ வாந்திபேதியோ கப்பலோடு வந்துவிடக் கூடாது என்பதற்காக அங்கே ஒரு தடைகாப்பு முகாம் இருந்தது. அங்கே சில நாள் தங்கிய பிறகே தோட்டத்துக்குப் போக முடியும்.

அதே தீவில் இன்னொரு முகாமும் இருந்தது. அங்கே போனவர்கள் சில நாளில் திரும்பவில்லை. பலர் திரும்பவே இல்லை. அது தொழுநோயாளர் முகாம். நீண்ட நாள் நோயில் விழுந்த குழந்தைகளையும் அவர்களுடைய குடும்பங்களையும் உலகம் அன்று எப்படி நடத்தியது, பிறகு எப்படித் தன் போக்கை மாற்றிக்கொண்டது என்பதைத்தான் இன்று நாம் பேசப்போகிறோம். இது பழங்கதை மட்டும் அன்று. இன்றைக்கும் நம் லயங்களில் ஏதோ ஒரு வீட்டில் நோயுற்ற பிள்ளை ஒன்று படுத்திருக்கிறது. அந்தப் பிள்ளைக்கும் இந்த வரலாற்றுக்கும் தொடர்பு உண்டு.

நோய்கள் இரண்டு வகை. சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு போன்றவை வரும், சில நாளில் போய்விடும். வேறு சில நோய்கள் வந்தால் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் உடனிருக்கும். சில நோய்கள் வாழ்நாள் முழுவதும் இருக்கும். இவற்றை நீண்டகால நோய்கள் என்கிறோம். முதல் வகை நோய்க்கு மருந்து போதும். இரண்டாம் வகை நோய்க்கு மருந்தோடு மனத்துணையும் வேண்டும். பிள்ளைக்கும் வேண்டும், அதைப் பார்த்துக்கொள்ளும் தாய் தகப்பனுக்கும் வேண்டும். இந்த உண்மையை உலகம் கற்றுக்கொள்ள வெகுகாலம் ஆயிற்று.

தொழுநோயை எடுத்துக்கொள்வோம். நம் பெரியவர்கள் இதைப் 'பெருவியாதி' என்று சொல்வார்கள். முற்பிறவிப் பாவம் என்றும், குலசாபம் என்றும் அன்று நம்பினார்கள். 1873-இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் என்பவர், இந்த நோய்க்குக் காரணம் ஒரு கிருமி என்று கண்டுபிடித்தார். பாவத்துக்கும் இந்த நோய்க்கும் சம்பந்தம் இல்லை என்பது அன்றே தெரிந்துவிட்டது. இந்தக் கிருமி எளிதில் தொற்றுவதும் இல்லை. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு இதை எதிர்க்கும் சக்தி உடம்பிலேயே இருக்கிறது என்று இன்று அறிவோம். ஆனால் அன்று மருந்து இல்லை. மருந்து இல்லாத இடத்தில் அச்சம் ஆட்சி செய்யும். நோயாளியைப் பிடித்துக் கண்காணாத இடத்தில் அடைத்துவிட்டால் ஊர் தப்பித்துக்கொள்ளும் என்று எண்ணினார்கள். அதற்குத் தீவுகள் வசதியாக இருந்தன. பினாங்குக்கு ஜெர்ஜாக் அப்படி அமைந்தது.

1926-இல் கூட்டு மலாய் மாநிலங்களில் தொழுநோயாளரைக் கட்டாயமாகப் பிரித்து வைக்கும் சட்டம் வந்தது. அந்தக் காலத்தில் கோலாலம்பூருக்கு அருகே இருந்த முகாம் ஏறக்குறைய ஒரு சிறைச்சாலை போலவே இருந்தது. டாக்டர் டிராவர்ஸ் என்ற மருத்துவர் இதைக் கண்டு வருந்தினார். நோயாளிகள் குற்றவாளிகள் அல்லர், அவர்களும் மனிதரைப் போல வாழ வேண்டும் என்று வாதாடினார். அதன் பயனாக 1930-இல் சுங்கை பூலோவில் ஒரு பெரிய குடியிருப்பு திறக்கப்பட்டது. 'நம்பிக்கைப் பள்ளத்தாக்கு' என்று அதற்குப் பெயர் வந்தது. பெரிய கொட்டடிகளுக்குப் பதிலாகச் சிறுசிறு வீடுகள் கட்டினார்கள். கோயில், மசூதி, தேவாலயம், கடை, விளையாட்டுத் திடல் எல்லாம் அங்கே இருந்தன. 1936-இல் அந்தக் குடியிருப்புக்குள் மட்டும் செல்லுபடியாகும் பணத்தாள்களைக்கூட அச்சிட்டார்கள். ஒரு காலத்தில் 2,000-க்கும் மேற்பட்ட நோயாளிகள் அங்கே வாழ்ந்தார்கள். ஜெர்ஜாக்கில் இருந்தவர்களும் பின்னாளில் அங்கேதான் மாற்றப்பட்டார்கள்.

நோயுற்ற பிள்ளைகளுக்காக அங்கே ஒரு பள்ளிக்கூடமும் நடந்தது. டிராவர்ஸ் பெயரே அந்தப் பள்ளிக்கு வைக்கப்பட்டது. நோயாளிகளாக வந்து சேர்ந்த படித்தவர்களே அங்கே ஆசிரியர்களாக இருந்தார்கள். பிள்ளைகளுக்குச் சாரணர் இயக்கமும் இருந்தது. ஆசிரியத் தொழிலில் இருக்கும் நமக்கு இந்தச் செய்தி பெருமையாகவே இருக்கிறது. நோயாளிப் பிள்ளைக்கும் படிப்பு உண்டு, விளையாட்டு உண்டு, நாளைக்கென்று ஒரு வாழ்வு உண்டு என்று அன்றே சிலர் நினைத்திருக்கிறார்கள்.

ஆனால் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. பள்ளிக்கூடம் இருந்தது, வீடு இல்லை. ஏழு வயதிலோ எட்டு வயதிலோ ஒரு பிள்ளையின் முதுகில் உணர்ச்சியற்ற ஒரு தேமல் தெரிந்தால், அது தாய் தகப்பனை விட்டு அங்கே போய்ச் சேர வேண்டும். எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதைவிடக் கொடுமை ஒன்றும் நடந்தது. அந்தக் குடியிருப்பில் இருந்த நோயாளிகள் தங்களுக்குள் திருமணம் செய்துகொண்டு வாழ்ந்தார்கள். அவர்களுக்குக் குழந்தை பிறந்தால், நோய் தொற்றிவிடும் என்று சொல்லி, குழந்தையைத் தாயிடமிருந்து பிரித்துக் குழந்தைகள் இல்லத்தில் வைத்தார்கள். வெளியிலிருந்து உறவினர் வந்து அழைத்துப்போனால் உண்டு. யாரும் வராவிட்டால் அந்தக் குழந்தை தத்துக்குப் போய்விடும். பெற்ற தாய் தன் குழந்தையை நெஞ்சார அணைத்துக்கொள்ளவும் வழி இல்லாமல் போயிற்று.

தொற்றைத் தடுக்க வேண்டும் என்பது நல்ல நோக்கம்தான். ஆனால் உடம்பைக் காப்பாற்றும் அவசரத்தில் மனத்தை மறந்துவிட்டார்கள். அந்தத் தாயின் மனம் என்ன ஆகும், அந்தக் குழந்தை வளர்ந்த பிறகு 'நான் யார் பிள்ளை?' என்று கேட்டால் யார் பதில் சொல்வார்கள் என்று எண்ணிப் பார்க்க அன்று ஆள் இல்லை.

பிறகு மருந்து வந்தது. அதுவரை நீரடிமுத்து எண்ணெயைத்தான் ஊசியாகப் போட்டுவந்தார்கள். வலி அதிகம், பலன் குறைவு. 1941-இல் அமெரிக்காவில் சல்போன் வகை மருந்தைத் தொழுநோய்க்குப் பயன்படுத்திப் பார்த்து வெற்றி கண்டார்கள். சில ஆண்டுகளில் அது தமிழ்நாட்டுச் செங்கற்பட்டுக்கு வந்தது. அங்கிருந்த தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் காக்ரேன் அந்த மருந்தைக் கொடுத்துப் பலரைக் குணப்படுத்தினார். பிறகு 1980-களின் தொடக்கத்தில், இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சையை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரை செய்தது. மலேசியாவில் 1985 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. இன்று தொழுநோய் கண்ட பிள்ளை வீட்டிலிருந்தபடியே மாத்திரை சாப்பிட்டுக் குணமடையலாம். பிரித்து வைக்க வேண்டிய தேவையே இல்லை.

நோய்க்கு மருந்து வந்துவிட்டது. பிரிவுக்கு மருந்து வரவில்லை. சுங்கை பூலோவில் பிறந்து தத்துக்குப் போன குழந்தைகள் சிலர், முதுமையை நெருங்கும் வயதில் பெற்றோரைத் தேடிக்கொண்டு வந்தார்கள். சிலருக்குத் தாயைக் காணும் பேறு கிடைத்தது. சிலருக்குக் கல்லறைதான் கிடைத்தது. ஜப்பானில் இதே போன்ற நிலைமை நீதிமன்றம் வரை போயிற்று. நோயாளிகளைக் காலமெல்லாம் அடைத்து வைத்தது தவறு என்று குமமோட்டோ நகர நீதிமன்றம் 2001-இல் தீர்ப்பளித்தது. அதே நீதிமன்றம் 2019-இல் இன்னொரு தீர்ப்பு வழங்கியது. நோயாளிகளின் பிள்ளைகளும் உறவினர்களும் பட்ட துன்பத்துக்கும் அரசாங்கம் பொறுப்பு என்று சொல்லி, 541 பேருக்கு இழப்பீடு கொடுக்கும்படி உத்தரவிட்டது. ஒருவருக்கு நோய் வந்தால் வீடு முழுவதும் காயப்படுகிறது என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்ட நாள் அது.

தொற்றாத நோய்களிலாவது பிள்ளைகளைத் தாயோடு வைத்திருந்தார்களா என்றால், அதுவும் இல்லை. முன்னேறிய நாடு என்று பெயர் பெற்ற இங்கிலாந்தில், 1950-களில்கூடப் பல மருத்துவமனைகளில் பெற்றோர் வாரத்துக்கு ஒருமுறைதான் பிள்ளையைப் பார்க்கலாம். தாய் வந்தால் பிள்ளை அழும், தாய் போனால் மறுபடியும் அழும், ஆகவே வராமல் இருப்பதே நல்லது என்று தாதியர்கள் கருதினார்கள். டாக்டர் ஜேம்ஸ் ஸ்பென்ஸ் போன்ற ஓரிருவர்தான், நியூகாசல் நகரில், தாயையும் பிள்ளையோடு தங்க வைத்தார்கள்.

இந்தப் பழக்கத்தை உடைத்தவர் ஜேம்ஸ் ராபர்ட்சன் என்பவர். எட்டு நாள் மருத்துவமனையில் தங்கிய இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியை அவர் திரைப்படமாக எடுத்து 1952-இல் காட்டினார். தாயைப் பிரிந்த குழந்தை முதலில் அழுகிறது, அடம்பிடிக்கிறது. பிறகு வாடிப்போகிறது. கடைசியில் அமைதியாகிவிடுகிறது. 'பிள்ளை பழகிவிட்டது' என்று அதுவரை எல்லாரும் நினைத்தது இந்த மூன்றாம் நிலையைத்தான். ஆனால் அது பழகிய அமைதி அன்று, நம்பிக்கை இழந்த அமைதி என்று ராபர்ட்சன் விளக்கினார். அவரோடு பணியாற்றிய டாக்டர் பௌல்பி என்பவர், தாயன்பு கிடைக்காத குழந்தையின் மனநலம் கெடும் என்று 1951-இலேயே உலகச் சுகாதார நிறுவனத்துக்காக எழுதியிருந்தார். 1959-இல் பிளாட் என்பவர் தலைமையிலான குழு, பெற்றோர் எந்நேரமும் வந்து பார்க்கவும், தாய் உடன் தங்கவும் இடம் கொடுக்க வேண்டும் என்று பிரிட்டிஷ் அரசாங்கத்துக்கு அறிக்கை கொடுத்தது. இன்று நம் நாட்டு அரசாங்க மருத்துவமனைகளில் குழந்தைகள் வார்டில் தாய் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு கட்டிலருகே இரவு முழுவதும் இருக்கிறாள் அல்லவா? அந்த நாற்காலிக்குப் பின்னால் இத்தனை வரலாறு இருக்கிறது.

குடும்பத்தைச் சேர்த்துக்கொள்ளும் வழியில் தமிழ்நாடு பின்தங்கியிருக்கவில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957-இல் ஒரு மனநல மையத்தைத் திறந்தது. நோயாளியோடு குடும்பத்தில் ஒருவரும் உடன் தங்க வேண்டும் என்பது அங்கே வழக்கமாயிற்று. நோயைப் பற்றிக் குடும்பத்துக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டுக்குப் போன பிறகு நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் குடும்பத்தார்தானே! மேலைநாட்டுக்குப் புதுமையாகத் தெரிந்த இந்த முறை, நம்மவர்களுக்கு இயல்பாகவே பொருந்தியது. ஒருவர் ஆஸ்பத்திரியில் படுத்தால் நாலு பேர் தூக்குச்சட்டியில் கஞ்சி எடுத்துக்கொண்டு போவது நம் வழக்கம்தானே.

நேயர்களே, மருத்துவம் முன்னேற முன்னேறக் குடும்பத்தின் சுமை குறைந்திருக்கும் என்று நாம் நினைப்போம். ஒரு வகையில் கூடியிருக்கிறது. 1922-க்கு முன்னால் இனிப்புநீர் கண்ட சிறு பிள்ளை அதிக நாள் பிழைக்காது. அந்த ஆண்டு ஜனவரியில் கனடாவில் ஒரு பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி போட்டார்கள். அதன் பிறகு பிள்ளைகள் பிழைத்தார்கள். ஆனால் நாள்தோறும் ஊசி போட வேண்டும், சாப்பாட்டை அளந்து கொடுக்க வேண்டும். இரத்தப் புற்றுநோய் வந்த பிள்ளைகள் 1940-களில் அநேகமாக எல்லாரும் இறந்தார்கள். இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பெரும்பாலோர் குணமடைகிறார்கள். ஆனால் சிகிச்சை இரண்டு மூன்று ஆண்டு நீள்கிறது. தலசீமியா என்ற இரத்தச்சோகை நோயில் கடுமையான வகை கண்ட பிள்ளைக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை இரத்தம் ஏற்ற வேண்டும். முன்பு சாவில் முடிந்த நோய்கள் இன்று வீட்டில் வாழ்கின்றன. ஆஸ்பத்திரி செய்த வேலையில் பாதி இப்போது தாயின் கைக்கு வந்துவிட்டது. பால்மரம் வெட்டப் போகும் தாய் அந்த வேலையையும் சேர்த்துச் செய்கிறாள். அவளுக்கு யார் துணை?

இந்தக் கேள்விக்குப் பதில் தேடியதில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. சமூகநல இலாகா 1946-இல் தோன்றியது. சமூகப் பணியை ஒரு கல்வியாகப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் முயற்சி பினாங்கில்தான் முதலில் தொடங்கிற்று. பினாங்கு அறிவியல் பல்கலைக்கழகம் 1975-இல் அதற்கான பட்டப் படிப்பை ஏற்படுத்தியது. இன்று பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப்பணிப் பிரிவு என்று ஒரு பிரிவு இருக்கிறது. அங்கே இருப்பவர்கள் மருந்து கொடுப்பதில்லை. செலவுக்கு வழியில்லாத குடும்பத்துக்கு உதவிக்கு ஏற்பாடு செய்வார்கள். மனம் உடைந்த தாயின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்பார்கள். 2011-இல் கல்வி அமைச்சும் சுகாதார அமைச்சும் ஓர் அறநிறுவனத்தோடு சேர்ந்து மருத்துவமனைப் பள்ளித் திட்டத்தைத் தொடங்கின. நீண்ட நாள் படுத்திருக்கும் பிள்ளைகளுக்கு வார்டிலேயே ஆசிரியர்கள் பாடம் சொல்லித் தருகிறார்கள். சுங்கை பூலோவில் வேலிக்குள்ளே நடந்த பள்ளிக்கும் இதற்கும் ஒரு பெரிய வேறுபாடு உண்டு. இந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளை வீட்டுக்குத் திரும்பும், தன் பழைய வகுப்புக்கும் திரும்பும்.

இனி நம் தோட்டத்துக்கு வருவோம். சட்டம் இன்று எந்தப் பிள்ளையையும் பிரித்து வைக்கவில்லை. ஆனால் நம் பேச்சும் வழக்கமும் சில வேளைகளில் பிரித்து வைக்கின்றன. வலிப்பு வரும் பிள்ளையைக் கல்யாண வீட்டுக்கு அழைத்துப் போகாமல் பூட்டி வைப்பது ஒரு சிறு ஜெர்ஜாக்தான். 'யார் செய்த பாவமோ' என்று பக்கத்து வீட்டில் சொல்லும் சொல் ஒரு வேலிதான். மருமகளைப் பார்த்து, 'உன் வயிற்றில் பிறந்ததுதான் இப்படி' என்று மாமியார் சொல்வது அந்தத் தாயை நோயாளியாக்கிவிடும். தலசீமியா போன்ற நோய், தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் சேர்ந்து வருவது. ஒருவரைக் குறை சொல்ல அதில் இடமே இல்லை.

நாம் செய்யக்கூடியவை எளியவை. முதலாவது, பிள்ளைக்கு அதன் நோயைப் பற்றி அதன் வயதுக்கு ஏற்ற சொல்லில் உண்மையைச் சொல்ல வேண்டும். 'ஊசி வலிக்காது' என்று பொய் சொல்லக் கூடாது. 'கொஞ்சம் வலிக்கும், அம்மா பக்கத்தில் இருப்பேன்' என்று சொன்னால் அடுத்த முறையும் பிள்ளை நம்மை நம்பும். மறைத்தால், பெரியவர்கள் முகத்தைப் பார்த்தே அது எதையோ ஊகித்துக்கொண்டு தனியாகப் பயப்படும்.

இரண்டாவது, உடன்பிறந்த பிள்ளைகளை மறக்கக் கூடாது. நோயுற்ற தம்பிக்காக எல்லாவற்றையும் விட்டுக்கொடுக்கும் அக்காள் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் ஏங்கிப் போவாள். நாளுக்குக் கால்மணி நேரம் அவளோடு மட்டும் பேசுங்கள். தம்பிக்கு நோய் வந்தது அவள் சண்டை போட்டதனால் அன்று என்பதையும் சொல்லி வையுங்கள். பிள்ளைகள் அப்படியும் நினைத்துக்கொள்வது உண்டு.

மூன்றாவது, தாய்க்கு ஓய்வு. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். வாரத்தில் ஒரு மாலை பக்கத்து வீட்டு அக்காள் வந்து, 'நான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன், நீ குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போய் வா' என்று சொன்னால், அதுவும் ஒரு மருத்துவம்தான். தகப்பன்மாரும் மருத்துவமனைக்கு ஒருமுறையேனும் உடன் போய், டாக்டர் சொல்வதைத் தம் காதால் கேட்க வேண்டும். பாரத்தைக் கள்ளுக்கடையில் இறக்கி வைக்க முடியாது. வீட்டில் இருவரும் பேசினால்தான் இறங்கும்.

நான்காவது, உதவியைக் கேட்கத் தயங்கக் கூடாது. பெரிய மருத்துவமனைக்குப் போகும்போது, சமூகப்பணி அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்று தாதியிடமே கேட்கலாம். சமூகநல இலாகாவின் உதவிக்கு மனுக் கொடுக்கலாம். அது பிச்சை அன்று. நாட்டுக்கு உழைத்தவர்களுக்கு நாடு வைத்திருக்கும் ஏற்பாடு. சாமிக்கு நேர்ந்துகொள்வதும் திருநீறு பூசுவதும் மனத்துக்குத் தெம்பு தரும், செய்யுங்கள். ஆனால் அதற்காக டாக்டர் கொடுத்த மருந்தை நிறுத்திவிடாதீர்கள்.

ஐந்தாவது பள்ளிக்கூடத்தின் கடமை. அது எங்களைச் சேர்ந்தது. நோயுற்ற பிள்ளையின் பெயர் வருகைப் பதிவேட்டில் இருக்க வேண்டும், அதன் மேசை வகுப்பில் இருக்க வேண்டும். மருத்துவமனையில் இருக்கும் நாட்களில் வகுப்புத் தோழர்கள் எழுதிய கடிதமும் அன்றைய பாடமும் பிள்ளைக்குப் போய்ச் சேர வேண்டும். சிகிச்சையினால் முடி உதிர்ந்து திரும்பி வரும் பிள்ளையை மற்றப் பிள்ளைகள் கேலி செய்யாதபடி, அது வருவதற்கு முதல் நாளே வகுப்பில் விளக்கிச் சொல்ல வேண்டும். இதற்குப் பெற்றோர் எங்களுக்கு உதவ வேண்டும். பிள்ளைக்கு என்ன நோய், எந்த நேரத்தில் என்ன மருந்து, எது நேர்ந்தால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதை வெட்கப்படாமல் ஆசிரியரிடம் சொல்லி வையுங்கள். மறைத்து வைத்த நோய்க்குப் பள்ளியில் முதலுதவி செய்ய முடியாது.

டாக்டர் டிராவர்ஸ் காலத்தில் நோயாளிக்கு நல்ல வீடு கிடைப்பதே பெரிய முன்னேற்றமாக இருந்தது. நம் காலத்தில் நோயாளிப் பிள்ளை தன் சொந்த வீட்டிலேயே, தாயின் மடியிலேயே, தன் வகுப்புத் தோழர்கள் நடுவிலேயே வளர முடிகிறது. எத்தனையோ தாய்மார் கண்ணீர் விட்டதன் பின்னால் கிடைத்த உரிமை இது. உங்கள் லயத்தில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய் வாருங்கள். பிள்ளைகள் சேர்ந்து விளையாடட்டும். நீங்கள் அந்தத் தாயோடு உட்கார்ந்து ஒரு கோப்பை தேநீர் குடியுங்கள்.